அக்கா பாதி, தம்பி பாதி

ஒரே வாரத்தில் இரண்டு பேர் கம்பி நீட்டிவிட்டார்கள். இரண்டு பேருமே பெங்களூருக்கு. ஒருவனாவது போகும்போது கேக் வெட்டிவிட்டுப் போனான். இன்னொருவன் ஒரு மெயிலோடு சரி. கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில், ஸ்ரீலக்ஷ்மியின் டீம் என்று மிச்சமிருந்தது இப்போது ஸ்ரீலக்ஷ்மியும் வெங்கிடேஷும் மட்டும்தான். அதை டீம் என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வேலையோ தலைக்கு மேல் கிடந்தது. ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஆறுமுகநயினாருக்கு ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். ஊரில் இருக்கிற சில்லறைக் கடைக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே போனில் சரக்கு கேட்கலாம், இங்கே பில் விழும், வண்டி ஏறும். மாதக் கடைசியில் அவருடைய கடையிலேயே டெமோ. அவருக்குப் பிடித்துவிட்டால், அந்தத் தெருவில் அவர் பேச்சைக் கேட்கிற மற்ற கடைக்காரர்களும் பின்னாலேயே வருவார்கள். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கம்பெனி முதலாளி பட்டாபி மூடி மறைக்கவில்லை.

"பச்சையாச் சொல்லிடறேன், ஸ்ரீ. ஆரியசாலை கிட்டலேன்னா இந்த டீமை என்னால சுமக்க முடியாது. நீயும் வெங்கிடேஷும் வேற எடம் பாத்துக்கோங்கோ. நேக்கு வருத்தம்தான், பக்ஷே வேற வழியில்லை."

பட்டாபி கரமனையில் அவள் வீட்டுக்கு எதிர்சாரியில் குடியிருப்பவர். தெருவில் மாமா, ஆபீஸில் சார். அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் இரண்டும் குழம்பிவிடும். அன்றைக்கும் குழம்பியது.

"மாமா, ரெண்டு பேர் போன எடத்துக்கு ஆளே தராம டெமோ பண்ணுன்னா எப்படிப் பண்றது?"

"ஒரு ஆள் எடுத்துக்கோ. ஒண்ணு. ஒண்ணரை இல்லை."

இன்ஜினீயரிங் முடித்தவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வந்தவர்கள் அவளை இன்டர்வியூ செய்துவிட்டுப் போனார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாமா, ஆறு மாதத்தில் ப்ரமோஷன் உண்டா, கம்பெனிக்குப் பெங்களூரில் கிளை உண்டா என்று ஒவ்வொருவரும் கேட்க, பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. கடைசியில் பொறுமை போய், 'டிகிரி வேண்டாம், தானாகக் கற்றவர்களும் வரலாம், செய்து காட்டினால் போதும்' என்று விளம்பரம் போட்டுவிட்டாள்.

பட்டாபி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யூட்யூப் பாத்துப் படிச்சவாளையா எடுக்கப்போறாய்? எங்காத்துல யூட்யூப் பாத்து அல்வா கிண்டினா. அது இன்னும் பாத்திரத்தை விட்டு எறங்கலை."

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதை ஸ்ரீலக்ஷ்மி இரண்டு நாளில் தெரிந்துகொண்டாள். வந்தவர்களில் ஒருவனுக்கு வெப்சைட்டில் கலர் மாற்றத் தெரியும். மாற்றிய கலரைத் திரும்பக் கொண்டுவரத் தெரியாது. இன்னொருத்தி ஒரே ஒரு கேம் செய்திருந்தாள். அதையே எல்லாக் கேள்விக்கும் பதிலாகத் திறந்து திறந்து காட்டினாள். எல்லாம் தெரியும் என்று எழுதியிருந்த ஒருவனுக்கு என்ன தெரியும் என்பதைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஷிஜா வந்தது மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில். ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா கொத்தனார், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து கிள்ளிப்பாலத்தில் வாடகை வீட்டில் தங்கிவிட்டவர். அம்மா ஆவுடைத்தாய்க்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. பிளஸ் டூவுக்குப் பிறகு ஷிஜா கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு மருந்துக் கடையில் மாலை நேரத்து வேலை பார்த்துக்கொண்டே படித்தாளாம்.

"என்ன தெரியும்?" என்று கேட்டாள் ஸ்ரீலக்ஷ்மி.

"ஸ்க்ரீன் பண்ணுவேன், மேடம்."

"வேற?"

"நல்லாப் பண்ணுவேன், மேடம்."

ஸ்ரீலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷிஜா தன் போனைத் திறந்து காட்டினாள். அம்மா வேலை செய்யும் ஹோட்டலுக்குப் பார்சல் ஆர்டர் எடுக்க ஒரு ஆப். நிஜமாகவே அந்த ஹோட்டலில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீலக்ஷ்மி சோதித்துப் பார்க்கத் தன் போனிலிருந்து ஒரு பரோட்டா பார்சல் கேட்டாள். கேட்ட மறுநிமிஷமே ஹோட்டலிலிருந்து போன் வந்தது, சால்னா சேர்த்துக் கட்டணுமா என்று.

பிறகு ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, மளிகைக் கடைக்காரர் சரக்கு கேட்கிற மாதிரி ஒரு ஸ்க்ரீன் செய்யச் சொன்னாள். ஷிஜா உடனே தொடங்கவில்லை. "கடைக்காரங்க போன எப்டிப் பிடிப்பாங்க, மேடம்? ஒரு கை சரக்குல இருக்கும்லா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பட்டன்களையெல்லாம் பெருவிரல் எட்டுகிற இடத்தில் கீழே வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, காபி ஆறுவதற்குள் முடித்துக் கையில் கொடுத்தாள். பளிச்சென்று இருந்தது.

"இந்தப் பட்டனை அமுக்கினா அப்புறம்?"

"சர்வருக்குப் போவும், மேடம். அங்க சேவ் ஆவும்."

கண் இமைக்காமல் சொன்னாள். ஸ்ரீலக்ஷ்மியும் கண் இமைக்காமல் நம்பினாள். அந்த ஒரு பதிலை இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் பின்னால் வந்த வம்பெல்லாம் வந்திருக்காது. ஆனால் நல்ல ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் வந்தால் யாருக்கும் தோண்டத் தோன்றாது.

முதல் சில நாட்கள் ஆபீஸே கலகலப்பாக இருந்தது. ஷிஜா செய்த ஸ்க்ரீன்களைப் பட்டாபிகூட எட்டிப்பார்த்து, "கொள்ளாமே" என்று மலையாளத்தில் மெச்சி முனகிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரீனுக்குப் பின்னால் இருக்கிற வேலை வந்தது. வந்த ஆர்டரைச் சேர்த்துவைப்பது, எந்தக் கடைக்கு என்ன சரக்கு என்று பிரிப்பது, பில்லுக்கு அனுப்புவது.

"இத நான் வீட்ல வெச்சுப் பண்ணிட்டு வாரேன், மேடம்" என்றாள் ஷிஜா.

மறுநாள் காலையில் முடித்துக் கொண்டுவந்தாள். ஓடியது. அடுத்ததையும் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதுவும் ஓடியது. ஆபீஸில் உட்கார்ந்து இதில் ஒரு வரிகூட அவள் எழுதி யாரும் பார்க்கவில்லை. சின்னத் திருத்தம் சொன்னாலும், "நாளைக்குத் தாரேன்" என்பாள். ஸ்ரீலக்ஷ்மி அதைக் கூச்சம் என்று நினைத்தாள். வெங்கிடேஷ் அப்படி நினைக்கவில்லை.

"சேச்சி, இங்க வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டான் ஒருநாள். "ஸ்க்ரீன் கோட் இருக்கே, எல்லாம் இடம் விட்டு, வரிசையா, இங்கிலீஷ்ல பேர் வெச்சு எழுதியிருக்கு. இந்த சர்வர் கோட் பாருங்கோ. எல்லாம் நெருக்கிப் பிடிச்சு, சரக்கு, கடைக்காரர், மொத்தம்னு தமிழ்ப் பேரை இங்கிலீஷ் எழுத்துல போட்டிருக்கு. இது ரெண்டு பேர் எழுதினதாக்கும்."

"நெட்ல எங்கேயாவது எடுத்திருப்பாளோ?"

"நெட்ல யார் ஆரியசாலைக்குக் கோட் எழுதி வெச்சிருக்கா? அதோட இன்னொண்ணு. வேலை நன்னாத்தான் நடக்கறது. ஆனா கேக்கறது யாருன்னு இது பாக்கறதே இல்லை. நேமத்துக் கடைக்காரர் கேட்டா கரமனைக் கடையோட ஆர்டரை எடுத்துக் குடுத்துடும்."

ஸ்ரீலக்ஷ்மி உடனே எழுந்தாள். ஷிஜாவை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பட்டனை அமுக்கினா என்ன நடக்கும், ஷிஜா? சர்வருக்குப் போகும்னு சொல்லாதே. அங்க போய் என்ன நடக்கும்?"

ஷிஜா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாது, மேடம்."

"பின்னே யாருக்குத் தெரியும்?"

"பேச்சிக்கு."

பேச்சி என்பது பேச்சிமுத்து. ஷிஜாவின் தம்பி. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய லேப்டாப். ஷிஜாவுக்கு மாலையில் மருந்துக் கடை; பேச்சிமுத்துவுக்குக் காலையில் அம்மா வேலை செய்யும் ஹோட்டலில் பில் போடுகிற வேலை. ஆகவே லேப்டாப் காலையில் அக்காவுக்கு, மாலையில் தம்பிக்கு. இரண்டு பேரும் யூட்யூபில் ஒரே கோர்ஸைத்தான் பிடித்தார்கள். அது அனுமார் வால்போல நீண்டுகொண்டே போனது. ஆளுக்கு முழுவதும் பார்ப்பதென்றால் என்றைக்கு முடிப்பது? 'முன்பக்கம் நீ படி, பின்பக்கம் நான் படிக்கேன்' என்று பேச்சிமுத்து யோசனை சொன்னான். அப்படியே பாகம் பிரித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு ஸ்க்ரீன் வரை. தம்பிக்கு ஸ்க்ரீனிலிருந்து அந்தப் பக்கம். ஹோட்டல் ஆப்பும் அப்படி ஆளுக்குப் பாதியாகச் செய்ததுதான்.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே, மேடம்."

"கேக்கலைன்னா? கம்பெனியோட கோட் எதையும் வெளியாள்கிட்டக் காட்ட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டியே!"

ஷிஜா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "பேச்சி வெளியாளு இல்லியே, மேடம். எங்கப்பாவ ஆராச்சும் வேலைக்குக் கூப்ட்டா அப்பா தனியாவா போவாங்க? கையாளும் கூடப் போவும். கலவ கொழைக்கணும், செங்கல் எடுத்துக் குடுக்கணும். கொத்தனார்கிட்டத்தான் வீட்டுக்காரங்க பேசுவாங்க. கையாளு ஆருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வேலன்னா அப்டித்தான்னு நெனச்சேன்."

"இது சுவரில்லை, ஷிஜா!"

கத்திவிட்டாள். ஏமாற்றிவிட்டாள் என்று கோபப்படலாம் என்றால், அந்தப் பெண் ஏமாற்றவே இல்லை. தெரிந்ததைச் சொன்னாள், தெரிந்த முறையில் வேலை செய்தாள். இந்த ஆபீஸின் முறை வேறு என்று அவளிடம் யார் எடுத்துச் சொன்னார்கள்? படிக்காமல் கையெழுத்துப் போட வைக்கிற காகிதத்தை நீட்டியதோடு சரி. ஸ்ரீலக்ஷ்மிக்குத் தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறைத்துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நேரே பட்டாபியிடம் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அவள் எதிர்பார்த்ததைத்தான் அவர் சொன்னார்.

"போகச் சொல்லு. இன்னைக்கே."

"இவள் போனா டெமோவே இல்லை, மாமா. பின்னால எழுதினது அந்தப் பையன். அவன் வந்தாத்தான் அதைத் திருத்த முடியும்."

"ஒரு ஆள்னு சொன்னேன். நீ பாதி ஆளை எடுத்துண்டு வந்து, மீதிப் பாதியையும் எடுங்கறாய்."

"ரெண்டு பாதியும் நல்ல பாதியாக்கும். வெங்கிடேஷ்கிட்ட வேணும்னா கேளுங்கோ."

அவர் வெங்கிடேஷையும் கூப்பிட்டுக் கேட்டார். "ஓட்டை இருக்கு சார், அடைச்சுடலாம்" என்றான் அவன்.

"டெமோ வரைக்கும்" என்றார் பட்டாபி. "அந்தப் பையனும் வரட்டும், கையெழுத்துப் போடட்டும், இங்க உக்காந்து பண்ணட்டும். ஆத்துக்கு ஒண்ணும் போகக் கூடாது. டெமோ முடிஞ்சா ரெண்டு பேரும் வேண்டாம். ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. பின்னே ஒழுங்கா முழுசாத் தெரிஞ்ச ஒரு ஆளைத் தேடு."

ஸ்ரீலக்ஷ்மி வெளியே வந்து அதை அப்படியே ஷிஜாவிடம் சொன்னாள். பொய் நம்பிக்கை கொடுக்க அவளுக்கு வராது. ஷிஜா உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி மேடம், டெமோ வரைக்கும் பண்ணுவோம்" என்றாள். அந்த நிமிஷம்தான் ஸ்ரீலக்ஷ்மி முடிவு செய்தாள்: இந்த இரண்டு பேரையும் விடப்போவதில்லை. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

பேச்சிமுத்து ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு மறுநாளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, வாய் நிறையப் பேச்சு. பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று வெங்கிடேஷ் முணுமுணுத்தான். கொடுத்த காகிதத்தை இந்தத் தடவை ஸ்ரீலக்ஷ்மி வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினாள். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சண்டை தொடங்கியது.

"ஏலே, நான் எண்ணிக்கைய அனுப்புதேன், நீ ஏன் வெலையும் சேத்துக் கேக்க?"

"எக்கா, வெல இல்லாம பில்லு எப்டிப் போடுவ? ஓசியிலயா குடுப்பாவ?"

மலையாளத்தில் பாதி, தமிழில் பாதியாகச் சண்டை போட்டுக்கொண்டே வேலையைத் தீர்த்தார்கள். ஓட்டையை அடைக்க உட்கார்ந்த வெங்கிடேஷுக்குத்தான் பாடு. கேட்பவர் யார் என்று ஏன் பார்க்க வேண்டும் என்பதே பேச்சிமுத்துவுக்குப் பிடிபடவில்லை.

"கடைக்கு வந்தவர நீரு ஆருன்னா கேப்பாவ? மொகத்தப் பாத்தாத் தெரியாதா, அண்ணே?"

"சர்வருக்கு மொகம் தெரியாதுடா."

பேச்சிமுத்து அதை யோசித்தான். "அய்யோ, அப்ப நம்ம ஹோட்டல் ஆப்பு?" என்று எழுந்தே விட்டான். அன்று சாயங்காலம் அதையும் சேர்த்துத் திருத்தினார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது குறுகலான ஒரு சந்துதான் என்று ஸ்ரீலக்ஷ்மிக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சந்துக்குள் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள். வெளியே இருக்கிற ரோட்டைக் காட்டினால் அதிலும் ஓடுவார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. ஆறுமுகநயினார் கடையிலிருந்து பழைய ஆர்டர்களை வாங்கிச் சோதனைக்காக உள்ளே ஏற்றினார்கள். எல்லாம் ஓடியது.

டெமோவன்று காலையில் ஐந்து பேரும் ஆரியசாலைக்குப் போனார்கள். லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மிளகாய் வத்தல் நெடியில் ஷிஜா வாசலிலேயே தும்ம ஆரம்பித்தாள். ஆறுமுகநயினார் வெள்ளைச் சட்டையும் பெரிய குங்குமப் பொட்டுமாகக் கல்லாவில் இருந்தார். அக்கம்பக்கத்து மொத்தக் கடைக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"வாங்க, இருங்க. கலர் குடிக்கியளா?" என்று உபசரித்தார் அவர். "நமக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது, பாத்துக்கிடுங்க. வாங்குதவுகளுக்குப் புரிஞ்சாச் சரி. அதான் சரஸ்வதியம்மாள வரச்சொல்லிருக்கேன்."

சரஸ்வதியம்மாள் நேமத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பல வருஷமாக இங்கேதான் சரக்கு எடுக்கிறார். ஷிஜா அவர் கையில் போனைக் கொடுத்துத் திறந்து காட்டினாள். பெரிய எழுத்து, அழகான படங்கள், எட்டுகிற இடத்தில் பட்டன். சரஸ்வதியம்மாள் விரலால் தள்ளினார். அரிசி வகைகள் வந்தன. இன்னும் தள்ளினார். பருப்பு வந்தது. இன்னும் இன்னும் தள்ளினார். பிறகு போனை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு, மோளே. பக்ஷே இதெல்லாம் ஒவ்வொண்ணாத் தேடி எடுக்க எனக்கு எங்க நேரம்? நான் போன் பண்ணி, அண்ணாச்சி, வழக்கம்போலன்னு சொல்லுவேன். வத்தல் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கன்னு சொல்லுவேன். தீர்ந்துச்சு."

வந்திருந்த கடைக்காரர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆறுமுகநயினார் தலையைச் சொறிந்தார். "அது வாஸ்தவம்தான். இங்க எல்லாருக்கும் வழக்கம்போலதான். ஆருக்கு என்ன வழக்கம்ங்கது என் மண்டைக்குள்ள கெடக்கு. உங்க ஆப்புக்கு அது தெரியலையே. சரி, பரவால்ல, பெறகு ஒருநாள் பாப்போம்."

பிறகு ஒருநாள் பார்ப்போம் என்று வியாபாரி சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பட்டாபியின் முகம் தொங்கிப்போனது. அவர் பையை எடுக்கக் குனிந்தார். ஸ்ரீலக்ஷ்மி ஷிஜாவைப் பார்த்தாள். ஷிஜா பேச்சிமுத்துவைப் பார்த்தாள். அவன் கண்ணை மேலே ஏற்றி எதையோ கணக்குப் போட்டுவிட்டு, மெதுவாகத் தலையை அசைத்தான்.

"அண்ணாச்சி, நீங்க சாப்பிட்டுட்டு வாங்கோ" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "நீங்க கை கழுவிண்டு வர்றச்சே வழக்கம்போல இதுல இருக்கும்."

"என்ன சொல்றாய் நீ?" என்று பட்டாபி அவள் காதருகே பல்லைக் கடித்தார்.

"சொல்லியாச்சு, சார்" என்றாள் அவள்.

கொத்தமல்லி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்தார்கள். ஒரு பக்கம் ஷிஜா, ஒரு பக்கம் பேச்சிமுத்து, நடுவில் வெங்கிடேஷின் தலை. இந்தத் தடவை சண்டை இல்லை. "ஒரே பட்டன், எக்கா. மேல எல்லாத்துக்கும் முன்னால வையி." "வெச்சாச்சு. அமுக்குனா கடைசி ஆர்டர் வரணும். கூட்டக் கொறைக்க நான் பக்கத்துல குறி போடுதேன்." "கடைசி ஆர்டர் மட்டும் போதாது. தீபாவளிக்கு வாங்குனது வந்துட்டா? எப்பவும் வாங்குறத மட்டும் எடுக்கேன்." "யார் கேக்கறான்னு பாத்தியா?" "பாத்துட்டேன், அண்ணே, பாத்துட்டேன்!" அவள் முடித்ததை அவன் எடுத்தான், அவன் எடுத்ததை வெங்கிடேஷ் சோதித்தான். நடுநடுவே மூன்று பேரும் வத்தல் நெடியில் மாற்றி மாற்றித் தும்மினார்கள். பட்டாபி கடைக்குள்ளே குறுக்கும் நெடுக்கும் நடந்து, சுமைதூக்குகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்து திட்டு வாங்கினார்.

ஆறுமுகநயினார் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். ஷிஜா போனைச் சரஸ்வதியம்மாளிடம் நீட்டினாள். மேலே ஒரே ஒரு பெரிய பட்டன். வழக்கம்போல.

சரஸ்வதியம்மாள் அமுக்கினார். வந்ததை மேலிருந்து கீழே உதட்டை அசைத்துப் படித்தார்.

"இது நம்ம கடைச் சரக்குதான்!" என்றார். "அய்யோ, உப்புகூட அதே உப்பு!" வத்தலைக் கூட்டினார். வெல்லத்தை எடுத்துவிட்டார். அனுப்பினார். கல்லாவில் இருந்த பில் மிஷின் கரகரவென்று காகிதத்தைத் தள்ளியது. ஆறுமுகநயினார் அதைக் கிழித்துத் தூரப் பிடித்துப் படித்தார். படித்து முடித்துவிட்டு மேஜையைத் தட்டினார்.

"இது என் மண்டைதான்யா! என் மண்டைய அப்டியே எறக்கிட்டாவ!"

கடைக்குள் ஒரே ஆரவாரம். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் போனைப் பிடுங்கித் தன் வாடிக்கைக்காரர் பெயரைப் போடச் சொன்னார். இன்னொருவர், தன் கடைக்கு என்றைக்கு வருவீர்கள் என்று பட்டாபியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்ரீலக்ஷ்மிக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. வெங்கிடேஷ் நிஜமாகவே கத்திவிட்டான்.

ஆறுமுகநயினார் கையை உயர்த்தி அடக்கினார். அவர் பார்வை மூட்டைப் பக்கம் ஒதுங்கி நின்ற அக்கா தம்பிமேல் இருந்தது. "பட்டாபி, ஒண்ணு கேக்கேன். இந்த ரெண்டு பிள்ளைகளும் உங்க ஆளுகதானே? நாளைக்கு எனக்கு ஒண்ணு வேணும்னா இவுகதானே வருவாவ? எடையில ஆளு மாறுச்சுன்னா எனக்குச் சரிப்படாது, பாத்துக்கிடுங்க. ஏற்கெனவே உங்க ஆளுக ரெண்டு பேரு ஓடிட்டாகன்னு கேள்விப்பட்டேன்."

ஷிஜா தரையைப் பார்த்தாள். ஜெயித்தாலும் வேண்டாம் என்று சொன்னவர் பட்டாபி. சொன்ன சொல்லிலிருந்து அவர் இறங்கி ஸ்ரீலக்ஷ்மி பார்த்ததே இல்லை. அவள் வாயைத் திறக்கப் போனாள். பட்டாபி அவளை ஒரு பார்வை பார்த்து நிறுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, மூட்டையருகே நின்ற இரண்டு பேரையும் முதல்தடவையாக நன்றாகப் பார்த்தார்.

"எங்க ஆட்கள்தான், அண்ணாச்சி."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்" என்றார் பட்டாபி. "எங்கேயும் போக மாட்டா. நான் விட மாட்டேன்."

ஸ்ரீலக்ஷ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. வத்தல் நெடி என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

தெருவுக்கு வந்ததும் பட்டாபி பழையபடி விறைத்துக்கொண்டார். "ஒரு காரியம் கேட்டுக்கோங்கோ. ஆளுக்கு ஒரு லேப்டாப் கிட்டும். இவள் பாதியை அவன் படிக்கணும், அவன் பாதியை இவள் படிக்கணும். சொல்லித்தர வெங்கிடேஷ் உண்டு. மனசிலாச்சா?" இரண்டு பேரும் மாறி மாறித் தலையாட்டினார்கள். அவர் ஆட்டோ பிடிக்க வேகமாக நடந்துவிட்டார், யாராவது நன்றி சொல்லிவிடப் போகிறார்களே என்று பயந்தவரைப்போல.

ஷிஜா போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். பேச்சிமுத்து தோளுக்குமேல் எட்டி, தானும் பேச வேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் கலவை மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

"யப்பா, கேக்குதா? வேல கெடச்சிருச்சுப்பா! நெரந்தரமா!"

"ஆருக்கு?" என்று இரைச்சலுக்கு மேலே அப்பா கத்தினார். "ஒனக்கா, அவனுக்கா?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆரியசாலை நடுத்தெருவில், மூட்டை தூக்கிப் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"எங்களுக்குப்பா!"